கேஸ்ல நாங்கதான் ஜெயிச்சோம்

2022 ஆகஸ்ட்ல தீர்ப்பு வந்துச்சு. "தள்ளுபடி ஆயிடுச்சு தம்பி"ன்னு வக்கீல் குமாஸ்தா போன் பண்ணப்ப நான் சென்னைல ஆபீஸ்ல இருந்தேன். மச்சான் அடுத்த நிமிஷமே கூப்பிட்டு "நான் சொன்னேன்ல"ன்னாரு. ஊர்ல மாமா ஸ்வீட் வாங்கிட்டு வீட்டுக்கே போயிருக்காரு, அம்மா அந்த டப்பாவை பிரிக்காம அப்படியே ஃப்ரிட்ஜ் மேல வச்சிருந்தாங்கன்னு அக்கா ரெண்டு நாள் கழிச்சு சொல்லித்தான் எனக்கு தெரியும்.

எதிர்த்து கேஸ் போட்டவங்க யாரோ வட்டிக்கடைக்காரங்க இல்ல. எங்க தெருவுல நாலு வீடு தள்ளி இருக்குற அத்தை. சொந்த அத்தை இல்ல, அப்பாவும் அவங்க வீட்டுக்காரரும் ராஜபாளையம் பக்கம் ஒரே மில்லுல ஒரே ஷிப்ட், அந்த பழக்கத்துல அப்பாவை "அண்ணே"ம்பாங்க, நான் அத்தைன்னு கூப்பிட்டு வளந்தேன். அத்தையோட வீட்டுக்காரர் இறந்தப்புறம் அவருக்கு வந்த பி.எஃப். பணத்துல இருந்துதான் 2014 ஜூன்ல எங்க அப்பாவுக்கு 2 லட்சம் குடுத்தாங்க. எதுக்குன்னா எனக்கு இன்ஜினியரிங் ஃபீஸ் கட்ட. நூத்துக்கு ஒரு ரூபா வட்டி, மாசம் 2000. அவங்க பேப்பரே கேக்கல, அப்பாதான் "நாளைக்கு எனக்கு ஒண்ணுன்னா உனக்கு ஒரு ஆதாரம் வேணும்ல தங்கச்சி"ன்னு சொல்லி ஒரு புரோநோட்டு வாங்கி ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி கையெழுத்து போட்டு குடுத்தாரு.

அந்த 2000 ரூபாயை மாசாமாசம் 5ஆம் தேதி வாக்குல சைக்கிள்ல கொண்டு போய் குடுத்தது நான். இதை நல்லா ஞாபகம் வச்சுக்கோங்க, இந்த விஷயம் முழுக்க இதுலதான் நிக்குது. காலேஜ் படிச்ச நாலு வருஷமும் நாப்பது தடவைக்கு மேல போயிருப்பேன், பணத்தை குடுத்தா எண்ண மாட்டாங்க, சாமி படத்துக்கு முன்னாடி வச்சிட்டு "சாப்பிட்டு போய்யா"ம்பாங்க, நானும் உக்காந்து சாப்பிட்டுட்டுதான் வருவேன்.

2018ல எனக்கு வேலை கிடைச்சு சென்னை வந்துட்டேன், அதுக்கப்புறம் அப்பாவே போய் குடுத்துட்டு இருந்தாரு. 2019 பிப்ரவரில நெஞ்சு வலின்னு சொன்னாரு, மதுரைக்கு கொண்டு போறதுக்குள்ள போயிட்டாரு. வட்டி அந்த மாசத்தோட நின்னுச்சு. அத்தை மூணு நாலு மாசம் வாயே திறக்கல, அப்புறம் அம்மாகிட்ட கேட்டாங்க, அம்மா என்கிட்ட சொன்னாங்க, நான் "பாப்போம், கொஞ்சம் டைம் குடுக்க சொல்லு"ன்னேன். அப்ப என் சம்பளம் 18,000, ரூம் வாடகை, அப்பா காரியத்துக்கு வாங்குன கடன்னு எல்லாம் இருந்துச்சு. ஆனா நேர்ல போய் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம், ஊருக்கு போனப்பல்லாம் அந்த வீட்டு வழியா போகாம சுத்தி போனேன். பணம் இல்லாதது தப்பில்ல, முகத்தை காட்டாம திரிஞ்சதுதான் முதல் தப்பு. நேர்ல பேசியிருந்தா அவங்க பையன் அவங்களை வக்கீல்கிட்ட கூட்டிட்டு போயிருக்கவே மாட்டாருன்னு இன்னிக்கும் நினைக்கிறேன்.

2019 நவம்பர்ல வக்கீல் நோட்டீஸ் வந்துச்சு. மச்சானுக்கு தெரிஞ்ச ஒரு வக்கீல்கிட்ட போனோம். அவர் நோட்டோட ஜெராக்ஸை வாங்கி தேதியை பாத்தாரு, ஒரு நிமிஷம் கூட ஆகல, "இது 2017 ஜூன்லயே செத்துப்போச்சே"ன்னாரு.

இந்த எடத்துல சட்டத்தை கொஞ்சம் சொல்லணும், ஏன்னா கடன் குடுக்குற பாதி பேருக்கு இது தெரியாது. 'கேக்கும்போது தரேன்'னு எழுதுற சாதாரண புரோநோட்டுக்கு 1963 லிமிடேஷன் சட்டப்படி கேஸ் போடுறதுக்கு கெடு 3 வருஷம், அதுவும் நோட்டு எழுதின தேதியில இருந்து. நிறைய பேர் நாம பணத்தை திருப்பி கேட்ட நாள்ல இருந்து மூணு வருஷம்னு நினைச்சுட்டு இருக்காங்க, இல்ல. வக்கீல் நோட்டீஸ் விட்டா கெடு நீளும்னும் ஒரு நினைப்பு இருக்கு, அதுவும் இல்ல, நோட்டீஸ் மேல நோட்டீஸ் விட்டாலும் நாள் ஓடிக்கிட்டேதான் இருக்கும். கெடு நீளணும்னா அது முடியுறதுக்கு முன்னாடி வாங்குனவர் "கடன் இருக்கு"ன்னு எழுதி கையெழுத்து போடணும், இல்ல வட்டியோ அசல்ல ஒரு பகுதியோ கட்டி அதை அவர் கையாலயே எழுதியிருக்கணும், இல்லைன்னா எழுதுனதுல கையெழுத்தாவது போட்டிருக்கணும். நம்ம ஊர்ல நோட்டுக்கு பின்பக்கம் வரவு வைக்கிறதுன்னு சொல்வாங்களே அதுதான். அப்படி ஒவ்வொரு தடவை வரவு வைக்கும்போதும் அந்த தேதியில இருந்து புதுசா 3 வருஷம் கிடைக்கும். அத்தை நோட்டோட பின்பக்கம் சுத்தமா வெறுமையா இருந்துச்சு. நாலரை வருஷம் மாசாமாசம் வட்டி போயிருக்கு, ஒரு வரி கூட இல்ல.

வக்கீல் இன்னொன்னும் சொன்னாரு. அப்பா கடனுக்கு வாரிசுங்க பொறுப்பு அப்பா விட்டுட்டு போன சொத்து அளவுக்குதான், என் சம்பளத்துல கை வைக்க முடியாது. அந்த காலத்துல இந்து சட்டத்துல அப்பன் கடனை அடைக்கிறது மகனோட புனிதக் கடமைன்னு இருந்துச்சாம், அதை காரணம் காட்டியே மகன் மேல கேஸ் போட முடியுமாம், 2005ல இந்து வாரிசுரிமை சட்டத்தை திருத்துனப்ப அதை எடுத்துட்டாங்களாம். "அதனால நீ மனசை போட்டு குழப்பிக்காத தம்பி, சட்டமே வேணாம்னு சொல்லிடுச்சு, ஆனா ஒண்ணு, யார்கிட்டயும் எதையும் எழுதி குடுத்துடாத, பத்து ரூபா கூட குடுத்துடாத"ன்னாரு. எனக்கு அன்னிக்கு அந்த பேச்சு எவ்வளவு ஆறுதலா இருந்துச்சுன்னு சொல்ல முடியாது. யாரோ நெஞ்சுல இருந்து ஒரு கல்லை தூக்குன மாதிரி இருந்துச்சு.

2020 ஜனவரில கேஸ் போட்டாங்க. அசலும் ஒரு வருஷ வட்டியும் சேத்து 2,24,000 கேட்டு பிராது. தமிழ்நாட்ல பணம் கேட்டு போடுற கேஸுக்கு 2017ல இருந்து கோர்ட் ஃபீஸ் நூத்துக்கு 3 ரூபா, முன்னாடி ஏழரை ரூபா இருந்துச்சு. அப்ப 6,720 ரூபா. அதுக்கு அத்தை கம்மலை அடகு வச்சாங்கன்னு ரொம்ப நாள் கழிச்சுதான் தெரிஞ்சுது. பிரதிவாதிங்க அம்மா, அக்கா, நான். அம்மா வக்காலத்துல கையெழுத்து போட்டப்ப "இது எதுக்குடா"ன்னு மட்டும் கேட்டாங்க, மாமா "நீ சும்மா இரு"ன்னாரு, நானும் அம்மா பக்கம் பேசல.

அப்புறம் கொரோனா, வாய்தா, வாய்தா, வாய்தா. கொரோனா சமயத்துல சுப்ரீம் கோர்ட் 15.03.2020ல இருந்து 28.02.2022 வரைக்கும் உள்ள நாளை கெடு கணக்குல சேக்க கூடாதுன்னு சொல்லுச்சு, உங்ககிட்ட அந்த சமயத்துல கெடு முடியுற நோட்டு ஏதாவது இருந்தா இதை வச்சு பலன் கிடைச்சிருக்கும், ஆனா அத்தை நோட்டுக்கு அதுக்கு முன்னாடியே 2017லயே முடிஞ்சதால இது உதவல.

2021 கடைசில சாட்சி. முதல்ல அத்தை ஏறுனாங்க. வெள்ளை புள்ளி போட்ட நீல சேலை, கைல ஒரு மஞ்சப்பை, அதுக்குள்ள நோட்டும் அவங்க வீட்டுக்காரரோட பி.எஃப். பேப்பரும். எங்க வக்கீல் குறுக்கு விசாரணைல கேட்டது இதுதான்: "வட்டி வாங்கினதா சொல்றீங்களே, நோட்டுல எழுதி கையெழுத்து வாங்கினீங்களா?" அத்தை "அண்ணன்கிட்ட போய் எப்பிடிங்கய்யா கையெழுத்து கேக்குறது, அவரு மவன்தான் வந்து குடுத்துட்டு போவான், அவனே இங்கதான இருக்கான், கேளுங்க"ன்னு என்னை கை காட்டுனாங்க. வக்கீல் அதை கண்டுக்கல. கடைசில வழக்கமா கேக்குற மாதிரி "நீங்க பணத்துக்காக பொய்யா வழக்கு போட்டிருக்கீங்கன்னு சொல்றேன்"ன்னாரு. அது கோர்ட்ல எல்லாரும் சொல்ற பாட்டுதான், வக்கீல்களுக்கு அதுல ஒண்ணும் இல்ல, எதிர் தரப்பு "சரியல்ல"ன்னு சொல்லணும், அவ்வளவுதான். ஆனா அத்தைக்கு அது தெரியாதுல்ல. அவங்க பதிலே சொல்லாம அப்படியே நின்னாங்க, ஜட்ஜ் ரெண்டாவது தடவை கேட்டப்புறம்தான் "இல்லய்யா"ன்னாங்க.

அடுத்த வாய்தாவுல நான். என் அஃபிடவிட்ல "என் தந்தை வாதிக்கு வட்டி செலுத்தி வந்தது பற்றி எனக்கு எதுவும் தெரியாது"ன்னு ஒரு வரி இருந்துச்சு. டைப் அடிச்சு குடுத்தாங்க, படிச்சேன், கையெழுத்து போட்டேன். படிக்காம போட்டேன்னு சொல்ல மாட்டேன். அவங்க வக்கீல் கூண்டுல வச்சு நேராவே கேட்டாரு, "மாதாமாதம் நீங்கதான் சைக்கிள்ல போய் 2000 ரூபாய் கொடுத்தீங்க, சரிதானே?" நான் "தெரியாது"ன்னேன். "கொடுத்தீங்களா இல்லையா?" "இல்லை." அத்தை பின்னாடி பெஞ்சுல உக்காந்திருந்தாங்க. நான் திரும்பி பாக்கல.

தீர்ப்பு எதிர்பார்த்த மாதிரியே வந்துச்சு. நோட்டு உண்மை, கையெழுத்து எங்க அப்பாதுன்னு கோர்ட் ஒத்துக்கிச்சு, பணம் வாங்கினதும் நிரூபணம், ஆனா காலாவதி, அதனால தள்ளுபடி.

இந்த விஷயம் அதோட முடிஞ்சிருக்கும். அக்டோபர்ல தீர்ப்பு நகல் வாங்கவும் மீதி ஃபீஸ் குடுக்கவும் வக்கீல் ஆபீஸுக்கு போனேன். டீ வாங்கி குடுத்தாரு, பேச்சுவாக்குல நான் "அன்னிக்கு கூண்டுல சைக்கிள் பத்தி கேட்டப்ப பயந்துட்டேன் சார், ஆமான்னு சொல்லியிருந்தா தோத்திருப்போம்ல"ன்னு கேட்டேன். அவர் சாதாரணமா சொன்னாரு, "இல்ல தம்பி, ஆமான்னு சொல்லியிருந்தாலும் ஒண்ணும் ஆயிருக்காது. வாயால சொல்ற வட்டி கணக்குல வராது, எழுத்துல இருந்தாத்தான் கெடு நீளும். லிமிடேஷனை நாம சொல்லாட்டி கூட கோர்ட்டே பாத்து தள்ளுபடி பண்ணித்தான் ஆகணும்."

டீயை கீழ வச்சிட்டேன். அப்ப நான் சொன்ன பொய் கேஸுக்கு தேவையே இல்ல. பணம் குடுக்காம இருக்க சட்டம் எனக்கு ஒரு வழி விட்டிருந்துச்சு, அந்த வழியா நான் உண்மையை சொல்லிக்கிட்டே நடந்து போயிருக்கலாம், "ஆமா, நான்தான் கொண்டு போய் குடுத்தேன், ஆனா சட்டப்படி கெடு முடிஞ்சுது"ன்னு சொல்லிட்டு ஜெயிச்சிருக்கலாம். அதுவும் அவங்களுக்கு நஷ்டம்தான், ஆனா ஊருக்கு நடுவுல அவங்க பொய்க்காரி ஆகியிருக்க மாட்டாங்க. சட்டப்படி தெரிஞ்சே பொய் சாட்சி சொல்றது குற்றம், அப்ப இருந்த தண்டனைச் சட்டம் 193ஆம் பிரிவுல 7 வருஷம் வரைக்கும் இருக்கு, ஆனா சிவில் கேஸ்ல இதுக்காக ஒருத்தரை உள்ள வச்சதை நான் கேள்விப்பட்டதே இல்ல, என்னையும் யாரும் ஒண்ணும் கேக்கல. அதனாலதான் நானே கேட்டுக்க வேண்டியதா போச்சு.

லிமிடேஷன் சட்டம் தப்புன்னு நான் சொல்ல வரல. அது இல்லைன்னா இருவது வருஷத்துக்கு முந்தின ஒரு தாளை தூக்கிட்டு வந்து உங்க தாத்தா வாங்குனாருன்னு யாரும் நிக்கலாம், சாட்சி செத்திருப்பான், ரசீது கரையான் தின்னிருக்கும், என்னத்த வச்சு மறுக்குறது. அப்பன் சூதாடி வாங்குன கடனுக்கு மகன் காலம் பூரா கட்டணும்னு இருந்தா அதுவும் அநியாயம், அதை எடுத்தது நல்லதுதான். அந்த சட்டமெல்லாம் தெரியாத கடன்ல இருந்து ஆளை காப்பாத்த வந்தது. நானோ என் ஃபீஸுக்கு வாங்குன, என் கையாலயே வட்டி கொண்டு போய் குடுத்த கடனுக்கு அதுக்குள்ள போய் ஒளிஞ்சுக்கிட்டேன். அப்புறம் படிச்சு பாத்தா சட்டமே கடன் ஒழிஞ்சு போச்சுன்னு சொல்லல, கோர்ட் மூலமா வசூல் பண்ற வழி மட்டும்தான் அடைஞ்சு போகுது, கடன் கடனாவேதான் இருக்கு. கெடு முடிஞ்ச கடனை தரேன்னு வாங்குனவர் மறுபடி எழுதி கையெழுத்து போட்டா அது செல்லும்னு ஒப்பந்தச் சட்டம் 25ஆம் பிரிவுலயே இருக்கு. "எதையும் எழுதி குடுத்துடாத"ன்னு வக்கீல் சொன்னது ஏன்னு அப்பதான் புரிஞ்சுது.

2023 பொங்கலுக்கு ஊருக்கு போனப்ப அத்தை வீட்டுக்கு போனேன். 60,000 கைல வச்சிருந்தேன். மச்சானுக்கு தெரிஞ்சா சண்டை வரும்னு யார்கிட்டயும் சொல்லல, அம்மாகிட்ட மட்டும் சொன்னேன், அம்மா ஒண்ணும் சொல்லாம உள்ள போய் அவங்க டப்பால இருந்து 5000 எடுத்துட்டு வந்து அதுல வச்சாங்க.

அத்தை கதவை திறந்தாங்க, உள்ள வான்னும் சொல்லல போன்னும் சொல்லல. நான் பணத்தை நீட்டிட்டு மாசாமாசம் மீதியை குடுத்துடுறேன்னு சொன்னேன். அவங்க அதை வாங்கல.

"பணம் போனா போகுதுய்யா. உங்க மாமா போனப்பவே எல்லாம் போச்சு. நீ இந்த வீட்ல உக்காந்து சாப்பிட்டு போனவன், தெரியாதுன்னு சொன்னியே."

நான் தப்புதான் அத்தைன்னேன். வேற என்ன சொல்ல முடியும்.

கொஞ்ச நேரம் கழிச்சு அவங்க கேட்டதுதான் நான் எதிர்பார்க்காதது. "இதை எங்கிட்ட சொல்லி என்ன, எனக்குத்தான் தெரியுமே. என் மவன்கிட்ட வந்து சொல்லு." அவங்க பையன் கேஸ் தோத்ததுல இருந்து வட்டியெல்லாம் வந்துச்சா இல்ல அம்மா சும்மா சொல்லுதான்னு சந்தேகப்பட ஆரம்பிச்சிருக்காரு, கம்மல் போனது, வக்கீலுக்கு செலவு பண்ணது எல்லாத்துக்கும் அவங்களை பேசியிருக்காரு. கோர்ட்ல நான் சொன்ன ஒரு "இல்லை" அவங்க வீட்டு அடுப்படி வரைக்கும் போயிருக்கு. இது எந்த தீர்ப்பு நகல்லயும் இருக்காது.

சாயங்காலம் அவர் வந்தப்புறம் போனேன். என்னை விட நாலு வயசு பெரியவரு, சின்ன வயசுல அண்ணேன்னு கூப்பிட்டவன். அவர் பொண்டாட்டி முன்னாடி, அத்தை முன்னாடி, "அண்ணே, மாசம் 2000 நான்தான் கொண்டு வந்து குடுத்தேன், 2014ல இருந்து 2018 வரைக்கும், அத்தை கோர்ட்ல சொன்னது பூராம் உண்மை, நான் சொன்னது பொய்"ன்னு சொன்னேன். அவர் அடிப்பாருன்னு நினைச்சேன், அடிச்சிருந்தாலும் நின்னிருப்பேன். அவர் என்னை பாக்காம அத்தையை பாத்தாரு, எந்திரிச்சு வெளிய போயிட்டாரு. அத்தை அப்பதான் அந்த கவரை வாங்குனாங்க.

அன்னிக்கு 65,000. மீதியை மாசம் 10,000ன்னு அவங்க பேங்க் கணக்குக்கு அனுப்புனேன். வட்டி வேணாம்னு உறுதியா சொல்லிட்டாங்க, "கோர்ட்டுக்கு கட்டுன காசை மட்டும் குடு, அது என் கம்மல்"ன்னாங்க, அந்த 6,720ஐயும் கடைசி மாசம் சேத்து அனுப்புனேன். மச்சானுக்கு அப்புறம் தெரிஞ்சு ஆறு மாசம் பேசல. அவர்கிட்ட பங்கு கேக்கல, ஃபீஸ் என்னோடது. அந்த நிலுவை வட்டி இன்னும் என் மனசுல நிக்குது, அத்தையோட பேரப்புள்ள படிப்புக்குன்னு ஏதாவது பண்ணணும்.

என்கிட்ட இப்ப யாராவது இந்த மாதிரி வந்து கேட்டா நான் சொல்றது இதுதான். குடுக்குறவங்க எவ்வளவு நெருக்கமா இருந்தாலும் பேங்க் மூலமாவே குடுங்க, வட்டி வர்றப்ப நோட்டு பின்பக்கம் தேதி போட்டு வாங்குனவர் கையாலயே எழுதி கையெழுத்து வாங்குங்க, ரெண்டரை வருஷம் ஆச்சுன்னா புது நோட்டு எழுதிக்கோங்க, அவர் மூஞ்சி சுளிச்சாலும் பரவாயில்ல. வாங்குனவங்க நீங்களே கேட்டு வரவு வைங்க, எங்க அப்பா நோட்டு எழுதி குடுக்குறப்ப யோசிச்ச மாதிரி பின்பக்கத்தையும் யோசிச்சிருந்தா இவ்வளவும் நடந்திருக்காது. கேஸ் போயிட்டா கூட லோக் அதாலத்துல, அதாவது மக்கள் நீதிமன்றத்துல, பேசி முடிக்கலாம், கட்டுன கோர்ட் ஃபீஸ் திரும்ப கிடைக்கும், அதுக்கு மேல அப்பீலும் கிடையாது, எங்க கேஸ்லயும் ஒரு தடவை கேட்டாங்க, நாங்கதான் ஜெயிக்கிற கேஸை எதுக்கு பேசணும்னு போகல. வக்கீல் உங்களுக்கு சட்டத்துல என்ன வழி இருக்குன்னு சொல்லுவாரு, சொல்லணும், அது அவர் வேலை. ஆனா அஃபிடவிட்ல கையெழுத்து உங்களோடது, ஒவ்வொரு வரியும் நடந்ததான்னு பாத்து, இல்லாததை அடிக்க சொல்லுங்க, அடிச்சா கேஸ் போயிடுமான்னு நேராவே கேளுங்க. நான் அந்த ஒரு கேள்வியை ஒரு வருஷம் முன்னாடி கேட்டிருக்கணும்.

அத்தை இப்ப பேசுறாங்க, பழைய மாதிரி இல்ல. பணம் பேங்க்ல ஏறுனாலும் நான் ஊருக்கு வரும்போதெல்லாம் ஒரு நீள நோட்டு எடுத்துட்டு வருவாங்க, பேரன் கோடு போட்டு குடுத்தது, தேதி, தொகை எல்லாம் எழுதியிருக்கும். முதல் தடவை அதை என் முன்னாடி வச்சு பேனாவை மூடி கழட்டி நீட்டுனாங்க. "தப்பா நினைக்காதய்யா, இங்க ஒரு கையெழுத்து போடு"ன்னாங்க. போட்டேன். அவங்க அதை கண்ணுக்கு கிட்ட கொண்டு போய் ரெண்டு தடவை பாத்துட்டு பீரோல வச்சு பூட்டுனாங்க.